காலி வண்டி குடிக்கும் டீசல்

காலி வண்டி ஏன் இவ்வளவு டீசல் குடிக்கிறது என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை. முழுப் பாரத்தோடு போனால் எவ்வளவு குடிக்குமோ, சும்மா போய்வந்தாலும் அவ்வளவு குடித்தது. மேடு வந்தால் முக்கியது. பிரேக் போட்டால் பின்னாலிருந்து என்னவோ முன்னால் சரிந்து முட்டுவதுபோல் ஒரு தள்ளல். இறங்கிப் பார்த்தால் பலகையில் தூசியைத் தவிர ஒன்றும் இருக்காது.

பழைய லாரிதான். ஆனாலும் இத்தனை வருடம் யார் யார் வண்டியையோ ஓட்டியவனுக்குச் சொந்தமென்று வந்த முதல் வண்டி. மனைவியின் தம்பி மெக்கானிக். தடித்த மூக்குக்கண்ணாடியால் பட்டறையில் எல்லோருக்கும் அவன் சோடாபுட்டி. டயர் காற்று, ஃபில்டர், பிரேக், டேங்க் என்று ஒன்று விடாமல் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு மச்சான். டேங்க்க வாய் வரைக்கும் நிரப்பிட்டு ஒரு ஓட்டம் போயிட்டு வருவோம். திரும்பி வந்து நிரப்பும்போது எவ்வளவு பிடிக்குதுன்னு பாத்தா விஷயம் தெரிஞ்சிடும். அதுக்கு முன்னாடி இந்தக் கண்ண மொதல்ல தொறக்கணும். இப்படியே போனா எதிர்ல யானை நின்னாலும் தெரியாது.”

ஹெட்லைட் இரண்டும் மஞ்சள் பூத்து, புரை விழுந்த கண்களாக இருந்தன. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து உப்புத்தாளால் தேய்த்தார்கள். கரைந்த மஞ்சள் பாலாக வழிந்தது. தேய்ந்த பிளாஸ்டிக்கின் வாடை தொண்டையில் ஒட்டியது. பாதியில் சோடாபுட்டி தேய்ப்பதை நிறுத்திவிட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோனான்.

“இது வெயில்ல மங்கினது இல்ல மச்சான். யாரோ வேணும்னே கீறி வச்சிருக்காங்க.”

“வண்டியோட விளக்க யாருடா கீறுவாங்க?”

“அதானே.”

பாலிஷ் போட்டுத் துடைத்ததும் விளக்குகள் புதுசாக மின்னின. சோடாபுட்டி தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

அந்தி சாயும்போது டேங்க்கை நிரப்பிக்கொண்டு புறவழிச்சாலையில் ஏறினார்கள். கடைகள் குறைந்தன. வீடுகள் குறைந்தன. பிறகு இரண்டு பக்கமும் வெட்டவெளி, சூடு ஆறாத தார், ஜன்னல் வழியே வறண்ட புல்லின் மணம். வெளிச்சம் சாலையில் வெள்ளை வேட்டியை விரித்ததுபோல் நெடுந்தூரம் கிடந்தது. ஓரத்துச் சரளைக்கல்லின் நிழல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

அந்த வெளிச்சத்தின் விளிம்பில் ஒரு ஆள், முதுகைக் காட்டியபடி நின்றான்.

வண்டி அவனைக் கடந்தது. பின்னால் மெல்ல ஒரு ‘கிரீச்’. இருக்கை சற்றே தாழ்ந்ததுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தான். சாலையில் யாரும் இல்லை.

இன்னும் கொஞ்ச தூரத்தில் வேறொரு முதுகு. கிரீச்.

“பாத்தியாடா?”

“எதை?” சோடாபுட்டி டீசல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். “மச்சான், நிறுத்து. முள்ளு பாதிக்குக் கீழ போயிடுச்சு. எங்கயோ ஒழுகுது.”

ஓரங்கட்டினான். இன்ஜினை அணைக்க மனம் வரவில்லை. சோடாபுட்டி டார்ச்சோடு குதித்து இறங்கினான். காலடிகள் பின்பக்கம் போயின.

“ஒழுகலியே...” குரல் வண்டிக்கடியிலிருந்து வந்தது. “ஆனா ஸ்பிரிங் பட்டையெல்லாம் தரையத் தொடுற மாதிரி படுத்துக் கிடக்கு. பின்னாடி என்னத்த ஏத்தி வச்சிருக்க?”

“காலி வண்டிடா!”

“விளையாடாத மச்சான். இரு, ஏறிப் பாக்குறேன்.”

பின்கதவில் செருப்பு உரசும் சத்தம். ஒரு கிரீச்.

அப்புறம் ஒன்றுமில்லை.

“டேய்.”

இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். மனைவிக்கு இவன் ஒரே தம்பி. கதவுப் பிடியில் கை வைத்தான். கை அங்கேயே நின்றது. முதுகுக்குப் பின்னால், தகரத்துக்கு அந்தப் பக்கம், பேருந்து நெரிசலில் கேட்பதுபோல் துணிகள் துணிகளோடு உரசும் ஓசை. நிறையத் துணிகள். ஈரமண்ணின் வாடை.

இன்ஜின் இருமியது. முள் அடியில் கிடந்தது. இன்னொரு முறை இருமிவிட்டு அணைந்தது.

சாவியைத் திருகினான். ‘டொக்’ என்றது. மறுபடி திருகினான். ‘டொக்’.

அப்போதுதான் நிமிர்ந்து முன்னால் பார்த்தான்.

வெளிச்சம் எட்டிய தூரம்வரை, சாலையின் இரண்டு பக்கமும் ஆட்கள். வரிசையாக. இப்போது ஒருவரும் முதுகைக் காட்டவில்லை.

பழைய பேட்டரி. விளக்கு மெல்ல மங்கத் தொடங்கியது. வெளிச்சத்தின் கடைசி முனை ஒரு அடி பின்வாங்கியது. அந்த முனையில் நின்றவர்கள் இருட்டுக்குள் போனார்கள்.

கிரீச். கிரீச்.

“டேய், இறங்கி வாடா,” என்றான். முதுகுக்குப் பின்னாலிருந்த தகரத்தைத் தட்டினான்.

இன்னும் ஒரு அடி.

கிரீச்.

வண்டியின் மூக்கு மெல்ல மேலே தூக்கியது. தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எப்போதும்போல் சிரிப்பு கலந்த குரலில், சோடாபுட்டி பேசினான்.

“கொஞ்சம் நெருங்கி நில்லுங்கப்பா. மச்சான், இன்னும் இடம் இருக்கு.”

வெளிச்சம் தேநீர் நிறத்துக்கு வந்தது. வரிசைகள் இல்லை. கிரீச். சாலை இல்லை. கிரீச். பம்பருக்கு முன்னால் ஒரு முறம் அளவு தரை மட்டும்.

அதில் ஒரு சின்னக் குழந்தை நின்றது. பின்பக்கம் எட்டி ஏற உயரம் போதாது போலும். அவனையே பார்த்துக்கொண்டு, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் மேலே நீட்டியது.