மெழுகுக் கால்

மழைக்குள் அப்படியொரு ஓட்டம் ஓடிவந்தவள், “அண்ணை, ஒரு கால் தாங்கோ” என்று கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

பேசாலைக் கோயிலுக்கு முன்னால், நோய் மாற நேர்த்திக்கு வைக்கும் மெழுகு உருவங்கள் விற்கிற சின்னக் கடை அது. கை, கால், கண், குழந்தை... எல்லாம் தட்டில் கிடந்தன. கடைக்காரன் கொன்ஸ்ரன்ரைன் அவளுடைய ஈரச் செருப்பைப் பார்த்தான். பிறகு கண்களைப் பார்த்தான். பார்வை அங்கேயே நின்றுவிட்டது...

“இந்தக் காலுக்கோ வருத்தம்? பஸ்ஸையே முந்தியிருப்பியள்!”

வேறு நாளென்றால் றொசானாவும் சிரித்திருப்பாள். அழகான சிரிப்புத்தான் அவனுக்கு.

“விக்கிறவைக்கு விளக்கமும் சொல்லவேணுமோ?” என்று வெடித்தாள். வெடித்த வேகத்திலேயே அழுதும்விட்டாள்.

பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் பஸ்ஸில் அந்த அழைப்பு வந்தது. போன கிழமை மார்பைப் படம் பிடித்த ஆஸ்பத்திரித் தாதி பேசினாள். “படத்தில ஒரு இடம் தெளிவில்லை. பயப்பிடாதேங்கோ, கன பேரைத் திரும்பக் கூப்பிடுறனாங்கள். நாளைக்கு வாங்கோ. துணைக்கு ஆரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

ஆரையும் கூட்டிக்கொண்டா... ஏன்? தனியே கேட்டால் தாங்கமாட்டேன் என்றா? விடத்தல்தீவுக்காரிக்குப் பேசாலையில் என்ன வேலை? பஸ் போகும் வழியில் கோபுரம் தெரிந்ததும் இறங்கிவிட்டாள், அவ்வளவுதான்.

அவன் கதிரையை இழுத்துப் போட்டான். “மன்னியுங்கோ... பகிடிக்குச் சொன்னனான்.”

“கால் இல்லை,” என்றாள் நிலத்தைப் பார்த்து. “மார்பு. ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வரச் சொல்லியிருக்கினம். அதைக் கேக்க வாய் வரேல்லை... கால் கேட்டனான். நாளைக்கு நான் போகமாட்டன். நேர்த்தி வச்சிட்டு வீட்டில இருக்கப்போறன்.”

நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

“என்ர அம்மாவும் இந்தத் தட்டில ஒரு கால் எடுத்தவ,” என்றான் மெல்ல. “நல்லா நடந்து திரிஞ்ச மனுசி. ‘ஆருக்கம்மா, ரோட்டில நிக்கிற கழுதைக்கோ?’ எண்டு கேட்டனான். சிரிச்சிட்டுப் போனவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்க மார்புப் புற்று நெஞ்செல்லாம் பரவிட்டுது... அந்தக் கால் ஏனெண்டு இண்டைக்குத்தான் விளங்குது.”

றொசானா தட்டில் கிடந்த கால்களைப் பார்த்தாள். இன்னும் எத்தனை பெண்கள் இங்கே வந்து கால் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்?

அவன் மெழுகைச் சூடாக்கி இளக்கினான். அவள் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையில் உருட்டி, சின்னதாய் ஒன்று செய்து, கடதாசியில் சுற்றி நீட்டினான்.

“இதுக்கு அச்சு இல்லை. ஒருத்தரும் கேட்டதில்லை. நேர்த்தி வையுங்கோ, ஆனா நாளைக்குப் போங்கோ. நானும் வாறன்.”

“எனக்கு ஒருத்தற்றை இரக்கமும் வேண்டாம்!”

“இரக்கமோ? நீங்கள் ஓடி வரேக்கையே பாத்துக்கொண்டு நிண்டனான். ரெண்டு கதை கதைச்சு மறிக்கவேணும் போல கிடந்தது... அதுதான் அந்தப் பாழாய்ப்போன பகிடி. உங்களைப் பிடிச்சுப்போச்சு. வேற ஒண்டுமில்லை.”

கடதாசிக்குள் மெழுகு இன்னும் சூடாக இருந்தது. அவள் அதை ஏந்திக்கொண்டு கோயிலுக்குள் போனாள். திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது.

“நாளைக்கு ஏழு மணி பஸ்ஸில வந்து ஆஸ்பத்திரி வாசலில நிப்பன். ஆரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவை... வாறியளோ?”

இந்த முறை ‘அண்ணை’ என்ற சொல் அவள் வாயில் வரவில்லை.

“ஓம்,” என்றான் அவன்.