பிரிந்த காலர் நுனி

பரிசோதனைச் சீட்டைச் சுகாதார ஆய்வாளரின் மேசையில் வைத்தான் பேட்டரிப் பட்டறைத் தொழிலாளி. நான்கு வயது மகளின் இரத்தத்தில் ஈயம். ஓயாமல் பேசியவள் ஆறு மாதமாக ஒவ்வொரு சொல்லாக இழந்து வருகிறாள்.

"வீட்டுக்காரர் அடிச்ச பெயின்ட்தாம்மா காரணம்."

அந்த அம்மாவை அலுவலகத்தில் 'துருவி' என்பார்கள். ஒரு கேள்வியோடு விடமாட்டார். "பட்டறைத் துணியோடயா வீட்டுக்குப் போவீங்க?"

"இல்லம்மா. அங்கயே குளிச்சு மாத்திக்குவேன்." சொல்லிவிட்டுப் பார்வையைச் சீட்டுக்குத் திருப்பினான்.

மறுநாள் துருவியும் உதவியாளரும் அவன் வீட்டுக்கு வந்தார்கள். உதவியாளரான இளம்பெண் சுவரைச் சுரண்டினாள், குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள், சிறுமிக்கும் அவள் அண்ணனுக்கும் இரத்தம் எடுத்தாள். துருவியோ கொடியில் தொங்கிய நீலச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் பொடிப்பொடியாக ஓட்டைகள். காலரின் ஒரு நுனி மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. போகும்போது சிறுமியின் தலையணை உறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து எல்லோரையும் அவன் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்தார்.

"அப்போ பெயின்ட் காரணமில்லையா மேடம்?" உதவியாளருக்கு ஏமாற்றம்.

"அதே சுவர், அதே தண்ணிதான் பையனுக்கும். அவன் ரத்தத்துல ஈயம் கொஞ்சம்தான். பாப்பாவோட தலையணையில ஏகப்பட்டது. கொடியில இருந்த சட்டையில ஆசிட் தெறிச்ச ஓட்டை. பட்டறையில மாத்துற சட்டை, அந்த ஈயத்தூளோட இங்க எப்படி வந்துச்சு? காலர் நுனிய ஆசிட் அப்படிப் பிரிக்காது. அது பல்லு கடிச்சது."

மனைவி மெல்லச் சொன்னாள்: "இவர் கழட்டிப் போட்ட சட்டைய கட்டிக்கிட்டாத்தான் மதியம் தூங்குவா. காலரைச் சப்பிக்கிட்டே."

அவனுக்குத் தலை நிமிரவில்லை. "குளிக்க வரிசையில நிக்கணும்மா. சீக்கிரம் போனா ஓடிவந்து கழுத்தைக் கட்டிப்பா. அதுக்காகத்தான்… பெயின்ட்டா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்." பிறகு கேட்டான்: "பேச்சு திரும்புமா?"

"மூளை வளர்ற வயசு. ஈயம் கெடுத்ததை மருந்து சரிபண்ணாது. இனிமே உள்ள போகாம நிறுத்தலாம்; பயிற்சி குடுத்தா பேச்சு கொஞ்சம் கொஞ்சமா வரும். முழுசா வரும்னு பொய் சொல்ல மாட்டேன்."

பொய் என்ற சொல் அவனைச் சுட்டது.

மறுநாள் காலை, பட்டறை வாசலில் சக தொழிலாளிகளை நிறுத்தி நடந்தது அத்தனையும் சொன்னான், தன் பொய் உட்பட. "உங்க பிள்ளைங்களுக்கும் ரத்தம் பாருங்க. குளிக்காம எவனும் வீட்டுக்குப் போகாதீங்க."

ஈயத் தகடு உருக்குபவன் தரையைப் பார்த்தபடி கேட்டான்:

"எம் பையனுக்கு ரெண்டரை வயசு. இன்னும் பேசவே ஆரம்பிக்கல. எங்க போயி பாக்கணும்ணே?"