வரேன் என்ற கட்டம்

ரஷீதா ஆன்லைனில் நடத்தும் பிரியாணி வகுப்பு முடிந்து பெண்கள் எல்லாரும் திரையிலிருந்து மறைந்த பிறகும், பதிவில் ஒரு கட்டம் மட்டும் கலையாமல் நின்றது. பெயரில்லை, முகமில்லை, வெறும் கறுப்பு. அதற்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், பேரம் படிந்துவிட்டவனைப் போல நிதானமாக, "வரேன்" என்றது.

"சரி, வாங்க," என்றாள் ரஷீதா.

அந்தக் குழைவு! நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவள் கணவன் ஹனிபாவுக்கு அது கிடைத்ததில்லை. மலாக்கா டவுனில் தன் துணிக்கடையின் பின்னறையில், தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, போனைக் காதோடு அழுத்தி அந்தப் பதிவை மறுபடி கேட்டான். கடைக்கு வந்து "அப்புறமா வரேன்" என்று படியிறங்கிய எவனும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அந்தச் சொல்லின் மதிப்பு அவனுக்குத் தெரியும். ஆனால் இவன் வாராவாரம் வந்து சொல்கிறான்.

தஞ்சோங் கிளிங் வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட்டான்.

"யாரு அவன்?"

"எவன்? கிளாஸ்ல எல்லாம் பொம்பளைங்கதான்லா."

"பின்ன யாருக்கு வாங்க சொன்ன?"

"கிளம்புறவங்களுக்கு வேற என்னா சொல்றது? போய்த் தொலைங்கன்னா?" ரஷீதா சிரித்தாள். "ரெக்கார்டிங்கக்கூட விட மாட்டேங்கிறீங்க. நல்ல பொறாமை புடிச்ச மனுசன்!"

மறுநாள் கடையில் பழைய பதிவுகளை எடுத்து, திரையின் வெளிச்சத்தை ஏற்றினான். கறுப்புக்குள் ஏதோ தெரிந்தது. முதல் வகுப்பில் தஞ்சோங் கிளிங் கடற்கரை, ஈர மணல். அடுத்ததில் கடலோரச் சாலை. பிறகு ஆற்றுப் பாலம். கடைசியாக, நீர் சொட்டும் ஒரு போர்டு. அவன் கடையின் போர்டு.

ஆக, என் கடை வாசலிலேயே நின்றுகொண்டு என் பெண்டாட்டியிடம் கொஞ்சுகிறானா! பக்கத்துக் கடைக்காரர்கள் ஒவ்வொருவரையும் மனத்துக்குள் நிறுத்தி எடைபோட்டான். எவனும் தேறவில்லை.

அன்று பிற்பகல், அந்த வாரத்து வகுப்புக்குள் அவனே நுழைந்தான். முகத்தைக் காட்டி, மைக்கைத் திறந்தான்.

"எவன்டா அது? ஆம்பளையா இருந்தா நேர்ல வாடா!"

"வரேன்க்கா, வரேன்க்கா" என்று பெண்கள் அவசரமாக நழுவினார்கள். மூன்று கட்டங்கள் மிஞ்சின. ரஷீதா, அவன், கறுப்பு.

பின்னறையில் திடீரென்று கடல் வாடை. புதுத்துணியின் கஞ்சி மணத்தை அது விழுங்கியது. மழை நின்றிருந்தது. ஆனாலும் சொட்டியது. அவனுக்குப் பின்னால்.

ரஷீதாவின் முகம் இளகியது. "எதுக்குங்க இந்தக் கோவம்? கடைய சாத்திட்டு வீட்டுக்கு வாங்க."

அதே குழைவு. அவனுக்கே அவனுக்கு.

அவன் வாய் திறக்கவில்லை. திரையில் அவன் முகம் சிரித்தது.

"வரேன்," என்றது.

கத்தினான். சத்தம் வரவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தான். கை இல்லை. கறுப்பு. வெளியே ஷட்டர் இறங்கியது. அவன் கார் கிளம்பியது.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து, ரஷீதா மூடாமல் விட்ட கேமரா வழியே அவன் தன் வீட்டுச் சமையலறையையும் அதற்கப்பால் வாசலையும் பார்த்தபடி இருந்தான். அழைப்பு மணி. ரஷீதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

அவன் சட்டை. அவன் தொப்பி. தரையெல்லாம் ஈரக் காலடி.

"வாங்க," என்றாள்.