பத்தாவது வாசகி

எங்கள் பதிப்பகம் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருக்கிறது. அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் படியேறிப் போனபோது மேசைமேல் ஒன்பது உறைகள் வந்து கிடந்தன. வெளியே மழை மூட்டம். விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

இளைய வாசகர்களுக்கான நாவல் எதையும் நாங்கள் நேரே அச்சுக்கு அனுப்புவதில்லை. முதலில் பத்துப் பிள்ளைகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்து, கூடவே ஒரு கருத்துப் படிவமும் வைப்போம். எங்கே பயந்தாய், எங்கே கொட்டாவி வந்தது, யாரைப் பிடித்தது என்று கேட்டிருப்போம். பெரியவர்கள் பூசி மெழுகுவார்கள். பிள்ளைகளுக்கு அந்த வித்தை இன்னும் கைவரவில்லை. 'நீளம், வெட்டிடலாம்' என்று அவர்கள் எழுதினால் எடிட்டரான நான் வெட்டிவிடுவேன். எழுத்தாளர் அழுது புரண்டாலும் சரி.

இந்த நாவல் ஒரு கோட்டையைப் பற்றியது. முன்னூறு வருடத்துக்கு முந்தைய போர், செத்த பிறகும் காவல் காக்கும் வீரர்கள், தப்பி ஓடும் இளவரசன். எனக்குப் பெரிதாகப் பயம் வரவில்லை. பிழை திருத்துகிறவளுக்குப் பேய்கூடக் காற்புள்ளியோடுதான் கண்ணில் படும்.

முதல் படிவத்தைப் பிரித்தேன். "சுவருக்குள்ள இருக்கற பொண்ணுதான் சூப்பர். இளவரசன் வேஸ்ட்."

சுவருக்குள் எந்தப் பெண்? வேறு கதையோடு குழப்பிக்கொண்டது போலிருக்கிறது என்று அடுத்ததை எடுத்தேன்.

"அவ நகத்தால சுரண்டற சத்தம் புக்க மூடினப்புறமும் கேட்டுச்சு. சுண்ணாம்பு வாசனை வந்துச்சு."

மூன்றாவது: "இடம் மாத்திக்கலாமான்னு கேட்டா. நாளைக்கு டெஸ்ட் இருக்குன்னு சொல்லிட்டேன்."

நான்காவது: "நானும் மாட்டேன்னுட்டேன். அண்ணன் அடிப்பான்."

ஒன்பது படிவத்திலும் அவள் இருந்தாள். ஒன்பது பேரும் மறுத்திருந்தார்கள். பிரதியை வரி விடாமல் புரட்டினேன். அப்படி ஒருத்தி அதில் இல்லவே இல்லை.

எழுத்தாளருக்குப் போன் செய்து, சுவருக்குள் இருக்கும் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். வாயைத் திறந்தால் மூட மறந்துவிடுகிற மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவளப் பத்தி நான் ஒரு வரிகூட எழுதல மேடம்," என்றார். "கோட்டைச் சுவர் நிக்கணும்னு ஒரு சின்னப் பொண்ண உயிரோட உள்ள வெச்சுப் பூசினதா ஒரு பழைய குறிப்புல இருந்துச்சு. மேல படிக்க முடியல. வேணாம்னு விட்டுட்டேன். உங்களுக்கு யார் சொன்னா?"

"பிள்ளைங்க."

"எத்தன பேர் படிச்சிருக்காங்க?"

ஒன்பது என்று சொல்ல வாயெடுத்தேன். பத்தாவது பிரதி என் வீட்டில் இருந்தது.

என் மகளுக்குப் பதினோரு வயது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பேர். பேச்சுதான் அப்படி. யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்ல அவளுக்கு வராது. புதுக் குடையைக் கொடுத்துவிட்டுத் தொப்பலாக நனைந்து வந்து நிற்பாள். கேட்டால், "பாவம்மா, கேட்டா," என்பாள். அதற்காக நான் அவளைத் திட்டியிருக்கிறேன். போதாது, இன்னும் திட்டியிருக்க வேண்டும்.

மணி நாலரை. பள்ளி விட்டு வந்திருப்பாள். போட்டது போட்டபடி ஓடினேன்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

ஜன்னல்கள், அலமாரிகள், குளியலறை, எல்லாமே திறந்திருந்தன. சாரல் உள்ளே அடித்துத் தரை ஈரமாகியிருந்தது. பச்சைச் சுண்ணாம்பின் நெடி மூக்கில் ஏறியது.

அவள் கூடத்தின் நட்டநடுவில், எந்தச் சுவரையும் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டீங்களாம்மா?"

பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவள் என்னை நீ, வா, போ என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

படிவம் தரையில் கிடந்தது. என் மகளின் கோணல்மாணலான எழுத்து. "பாவம், ரொம்ப வருஷமா உள்ளயே இருக்கா. கொஞ்ச நேரம்தானேன்னு சரின்னு சொல்லிட்டேன்."

அவள் அப்பாவிடம் சொன்னேன். "பொண்ணு மரியாதையாப் பேசினா அதுவும் குத்தமா?" என்றார். டாக்டர் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்றார். தூக்க மாத்திரையை எனக்கு எழுதிக் கொடுத்தார். அவள் சமர்த்தாகச் சாப்பிடுகிறாள், சொன்ன பேச்சைக் கேட்கிறாள். சாத்திய கதவுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டுப் போகிறாள். ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் அவள் காலைப் பிடித்து, "என் பொண்ணக் குடுத்துடு," என்று கெஞ்சினேன். "நான் இங்கதானம்மா இருக்கேன்," என்று அவள் என் தலையைத் தடவினாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

நாவலைப் பதினொரு முறை படித்துவிட்டேன். வீரர்கள் வருகிறார்கள், இளவரசன் ஓடுகிறான். சுவர் வெறும் சுவராகவே இருக்கிறது. பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லை. நான் என்ன செய்வேன்?

கடைசியில், சுவருக்குள்ளிருந்து இடம் மாற்றிக்கொள்ளக் கேட்கும் பெண் வருகிறாளா பார் என்று சொல்லி, எங்கள் தட்டச்சரின் மகளிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். நான் செய்தது பாவம். அந்தக் குழந்தையும் சரியென்று சொல்லிவிட்டால் என்னவாகும் என்று யோசித்துவிட்டுத்தான் கொடுத்தேன். பெற்ற வயிறு கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தக் குழந்தையின் படிவம் வந்தது. அலுவலகத்தில் பிரிக்கத் தைரியம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"நீங்க சொன்ன பொண்ணு இதுல இல்ல. வேற பொண்ணு இருக்கா. இவ இடம் மாத்திக்கலாமான்னு கேக்கல. வேணாம், நீ வராதேன்னு சொல்றா. 'எங்கம்மா எல்லாப் பக்கத்தையும் படிப்பா, இந்தப் பக்கத்துக்கு எப்ப வருவா'ன்னு மட்டும் திரும்பத் திரும்பக் கேக்கறா. அப்புறம் அழறா. அந்த இடம் ரொம்ப நீளம். வெட்டிடலாம்."

எழுத்துகள் கண்ணில் கலங்கின. முதுகுக்குப் பின்னால் சுண்ணாம்பு வாசனை வந்தது.

என் தோளுக்கு மேலாக எட்டி, அவளும் படித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைங்க சொன்னா வெட்டிடுவீங்கதானம்மா?" என்றாள்.