உப்பு தூவிய கன்று

கன்றின் முதுகில் தூவிய உப்பு அப்படியே இருந்தது.

சாயங்காலக் கறவைக்கு வாளியோடு வந்தவள் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அது நிஜக் கன்று அல்ல. பிறந்த மூன்றாம் நாள் செத்துப்போன கன்றின் தோலை உரித்துக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்த பொம்மை. தைத்தவள் அவள்தான். அந்தப் பால்பண்ணையில் அந்த வேலைக்கு அவளை விட்டால் ஆளில்லை. பொம்மையைத் தாய்ப்பசுவின் பக்கத்தில் நிறுத்தி உப்பைத் தூவினால் அது நக்கும். நக்க நக்க மடி சுரக்கும். பதினோரு நாளாக அந்த வெள்ளைப் பசு அப்படித்தான் நக்கிக்கொண்டிருந்தது. இன்று பொம்மையைத் திரும்பியும் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

"என்ன, பால் விடலையா?" மேற்பார்வையாளர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"உப்பையே தொடலைங்க."

"இன்னொரு கை தூவும்மா. அஞ்சறிவு ஜீவன், அதுக்கு என்ன தெரியப்போகுது?" சொன்னவர் அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "நீ இன்னும் கொஞ்ச நாள் வீட்லயே இருந்திருக்கலாம்."

"வீட்ல இருக்க முடியலைங்க."

அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் எப்படி இருப்பாள்? இருபதாம் நாளில் இறந்துபோன மகளை மஞ்சள் துண்டில் சுற்றி, பண்ணையின் புல்வெளி முடிகிற இடத்தில் அவளும் கணவனுமாகப் புதைத்து மூன்று வாரம் ஆகிறது. பாழாய்ப்போன உடம்புக்கு அது தெரியவில்லை. வேளை தவறாமல் பால் கட்டி, மார்பு கல்லாய்க் கனத்து, ரவிக்கை நனைந்தது. இந்த வேதனையெல்லாம் ஆறறிவு படைத்த மனுஷிக்குத்தான், மாடு நாலு நாள் கத்திவிட்டு மறந்துவிடும் என்று அவள் உறுதியாக நம்பினாள். அந்த நம்பிக்கை இருந்ததால்தான் கை நடுங்காமல் ஊசி பிடித்தாள். அது பொய் என்றால், இத்தனை வருடமும் அவள் தைத்த ஒவ்வொரு கன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது; நனைந்த வைக்கோலும் கோமியமும் புளித்த தீவனமும் கலந்த பழகிய நாற்றத்துக்கு அடியில், வேறெதுவோ ஒரு வாடை, பிளந்த ஈரமண்ணின் வாடை மெல்ல ஏறி வந்தது. இருபது மாடுகளும் வரிசையாக அசைபோடும் சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. அவள் ஒரு கை உப்பை அள்ளினாள்.

அசைபோடும் சத்தம் நின்றது.

இருபது தலைகளும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. ஒரு வால்கூட ஆடவில்லை.

வெள்ளைப் பசுவின் கழுத்தில் கயிறு இல்லை. மூக்கெல்லாம் மண். முன்னங்கால்களில் முழங்கால்வரை மண்.

"எங்க போன நீ?" என்றாள்.

பசு மெதுவாக ஒதுங்கி வழிவிட்டது. அதன் பின்னால், தீவனத் தொட்டிக்குள், ஒரு சின்ன மூட்டை கிடந்தது.

மஞ்சள் துண்டு.

மண் அப்பிய துண்டு. ஓரங்களில் வைக்கோல் பிதுங்கிக்கொண்டிருந்தது. வைக்கோலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் விலக்கிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை. மேலே முழுக்க ஈரம். யாரோ நெடுநேரம் நக்கிவிட்ட ஈரம்.

ஓடியிருக்கலாம். கத்தியிருக்கலாம். அவள் குனிந்து அதைத் தூக்கினாள்.

தொட்ட கைக்கு வைக்கோல் என்று தெரிந்தது. மகள் இல்லை என்று தெரிந்தது. தெரிந்தும் கைகள் அதை மார்போடு அணைத்தன. முகத்தை அதில் புதைத்து முத்தமிட்டாள், மண் கரித்தது, மறுபடியும் முத்தமிட்டாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பசு ஒருநாளும் ஏமாந்ததில்லை. வேறு எதுவும் மிச்சமில்லாததால் நக்கியது.

"தெரிஞ்சேதான் நக்குனியா?" என்று கேட்டு அழுதாள். "எல்லாம் தெரிஞ்சேதானா, தாயி?"

மார்பு சுரந்தது. தடுக்க முடியவில்லை. ரவிக்கையைத் தாண்டி, துண்டைத் தாண்டி, வைக்கோலில் இறங்கியது.

மாடுகள் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றன. வெள்ளைப் பசு தலையைத் தாழ்த்தி, காலி வாளியை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்து அவள் மார்புக்கு நேர்கீழே நிறுத்தியது.