எடுத்துக்கொள்ளப்பட்டவரின் சாவி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு ஜெப அறையின் கதவை உடைத்தார்கள். உள்ளே ஆள் இல்லை. ஆளின் உடுப்பு மட்டும் பாயில் மல்லாந்து கிடந்தது.

சட்டையின் பொத்தான்கள் போட்டபடியே இருந்தன. அதற்குள் பனியன். கீழே கைலி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த மூக்குக்கண்ணாடி. இடது கைப் பக்கம் கைக்கடிகாரம், அதன் அருகே கல்யாண மோதிரம். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உடைத்தவர்கள் அலறவில்லை. முழங்காலில் விழுந்தார்கள். அவர்கள் ‘கடைசி எக்காள ஐக்கியம்’ என்ற சிறு சபையைச் சேர்ந்தவர்கள். 1982 மார்ச் மாதத்து இந்த ஞாயிறன்று ஆண்டவர் தம்முடையவர்களை உயிரோடு வானத்துக்கு எடுத்துக்கொள்வார், மிஞ்சுகிறவர்கள் பைபிள் சொல்லும் மிருகத்தின் ஆட்சியில் வதைபடுவார்கள் என்று வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள். இப்போது அவர்களுடைய போதகர் நாகையா எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார். மற்ற அத்தனை பேரும் மிஞ்சிவிட்டார்கள்.

போலீஸ் நிலையத்துக்கு ஓடி வந்தவன் கன்னையா. லோரி ஓட்டுபவன், நாகையாவின் இறந்துபோன மனைவிக்குத் தம்பி.

“பாஸ், மச்சானைக் காணோம். மேல போயிட்டாருன்னு சொல்றானுங்க. அவரு எங்க போனாருன்னு அப்புறம் பாக்கலாம் லா. எங்க அக்கா பொண்ணு சாகப் போறா. அதைக் கேளுங்க முதல்ல.”

இன்ஸ்பெக்டர் சபாபதி தொப்பியை எடுத்துக்கொண்டார். வானத்தைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது. காணாமல் போனவர்களைப் பற்றி நிறைய உண்டு.

நாகையாவின் மகள் சந்திரகலா முன்னறையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது. பக்கத்தில் சபையைச் சேர்ந்த நர்ஸ் மார்க்கிரட், மெலிந்த பெண், தண்ணீர்க் குவளையோடு கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“காலையிலருந்து ஒரு சொட்டு எறங்கல இன்ஸ்பெக்டர். எச்சிகூட முழுங்க மாட்டேங்கறா. எலி மருந்து டப்பாவை இப்பதான் கையிலருந்து பிடுங்கினேன்.”

சபாபதி தரையில் அமர்ந்தார். “ஏம்மா?”

“நான் தள்ளப்பட்டவ, அங்கிள். தைப்பூசத்துக்கு மாமாவோட பத்துமலைக் கோயிலுக்குப் போனேன். அப்பாகிட்ட மறைச்சேன். அதான் அவரு மட்டும் போயிட்டாரு. என்னை விட்டுட்டுப் போயிட்டாரு.”

அவள் அழவில்லை. அதுதான் சபாபதியைப் பயமுறுத்தியது. அழுகிறவர்களைத் தேற்றிவிடலாம்.

“ராத்திரி நீ எங்க இருந்தே?”

“மார்க்கிரட் அக்கா வீட்ல. பொம்பளைங்க எல்லாரும் அங்கதான் ஜெபம். அப்பா பின்னறையில தனியா இருந்தாரு.”

சபாபதி பின்னறைக்குப் போனார். அதற்கு ஒரே கதவு, பின்புறச் சந்துப் பக்கம். இழுத்துவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு. உள்ளே திருகினால் திறக்கும், வெளியே சாவி வேண்டும். சுவரில் நான்கு ஆணிகள், நடுவில் பெரிய வெளிறிய சதுரம். எதையோ கழற்றியிருக்கிறார்கள்.

கதவோரம் ஒருவர் கைகட்டி நின்றார். உயரமான, திடமான உடம்பு, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. யோகநாதன், ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். இந்த நாளைக் கணித்துச் சொன்னவர் அவர்தான்.

“பாருங்கோ இன்ஸ்பெக்டர்,” என்றார் யோகநாதன் தழுதழுத்த குரலில். “ஒரு நூல்கூட அவரோட போகேல்லை. மாம்சம் மட்டும்தான் எடுபட்டது. நான் கணிச்சனான், ஆனால் நான் தகுதியில்லாதவன். இங்கேயே கிடக்கிறன்.”

“எப்படிக் கணிச்சீங்க?”

“பத்துக் கொம்புள்ள மிருகம் எண்டால் பத்து நாடு. ஐரோப்பியப் பொதுச் சந்தையில போன வருஷம் பத்தாவது நாடு சேர்ந்திட்டுது. இந்த மாதம் கோள்கள் எல்லாம் ஒரே பக்கம் கூடுது. இனி முத்திரைகள் உடையும்.”

“குதிரைங்க வருமே, அதுவா? முதல்ல சிவப்புக் குதிரை, அப்புறம் வெள்ளை—”

“இல்லை, இல்லை!” யோகநாதனின் தழுதழுப்பு சட்டென்று நின்றது. “முதல் வெள்ளை. பிறகு சிவப்பு. அதுக்குப் பிறகு கறுப்பு. கடைசியில மங்கின நிறம். ஒரு நிறம் பிழையானால் எல்லாம் பிழையாய்ப் போகும்.”

“மன்னிக்கணும்,” என்றார் சபாபதி.

பிறகு பாயில் கிடந்த சட்டையின் பையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு சாவி வளையம். அதில் இரண்டு சாவிகள், ஒன்று கதவுக்கு, ஒன்று பீரோவுக்கு. வளையத்தில் இரண்டு கறுப்பு இழைகள் சிக்கியிருந்தன. பீரோவைத் திறந்தார். சுருட்டி வைத்த பெரிய படம் ஒன்று இருந்தது. விரித்தால் மிருகமும் குதிரைகளும் எக்காளங்களும். ஒரு மூலையில் வானத்தை நோக்கி ஒருவன் ஏறுகிறான், கீழே அவன் உடுப்பு வெறுமையாகக் கிடக்கிறது. யோகநாதன் கைப்பட வரைந்தது.

முன்னறைக்குத் திரும்பிச் சந்திரகலாவிடம் கேட்டார். “அப்பா சாவியை எங்க வைப்பாரு?”

“இடுப்புல. எடுக்கணும்னா சுவரைப் பாத்துத் திரும்பிக்குவாரு. மடியில சொருகியிருப்பாருன்னு நெனைக்கிறேன்.”

“கண்ணாடி இல்லாம நடப்பாரா?”

“வாசப்படியே தெரியாது அங்கிள். கண்ணு ஆபரேசன் செஞ்சவரு.”

சபாபதி கன்னையாவை வெளியே கூட்டிப்போனார். “உங்க மச்சான் அரைஞாண் கயிறு கட்டியிருந்தாரா?”

“கட்டியிருந்தாரு பாஸ், செவப்புக் கயிறு, அவங்க அம்மா கட்டினது. ஞானஸ்நான முழுக்கு வாங்கினப்ப போர்ட் டிக்சன் கடல்ல, எல்லாரும் பாக்க அறுத்து வீசிட்டாரு. சபையே கைதட்டிச்சு. எங்க அக்கா மட்டும் அழுதுச்சு.”

“அதுக்கப்புறம்?”

“அப்புறம் எங்க கட்டப் போறாரு? கட்டினா சபையை விட்டே தள்ளிடுவானுங்க.”

சபாபதி தம் இடுப்பைத் தொட்டுக்கொண்டார். அவருடைய மேசைச் சாவியும் அங்கேதான் தொங்கியது. கான்ஸ்டபிளை அழைத்து, கோயில் கடையில் ஓர் அரைஞாண் கயிறு வாங்கி வரச் சொன்னார். சிவப்பு நிறத்தில்.

அன்று மாலை எல்லாரையும் முன்னறையில் உட்கார வைத்தார். சபைக்காரர்கள் பத்திருபது பேர், கன்னையா, மார்க்கிரட்டின் தோளில் சாய்ந்த சந்திரகலா. அவளுடைய உதடுகள் வெடித்திருந்தன. நேரம் போகப் போகத் தம் கையில் இருப்பது கேஸ் அல்ல, ஓர் உயிர் என்பது சபாபதிக்கு உறைத்தது.

“காலையில ஒண்ணைக் கவனிக்காம விட்டுட்டேன்,” என்று சிவப்புக் கயிற்றைத் தூக்கிக் காட்டினார். “கைலி மடிப்புக்குள்ள இருந்துச்சு. நாகையாவோட அரைஞாண் கயிறு. சாவி இதுலதான் தொங்கியிருக்கு.”

அறை சலசலத்தது. ஒரு கிழவர், “அதை அவர் கடலில் போட்டாரே, நாங்கள் பார்த்தோமே,” என்றார். மார்க்கிரட் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பிழை,” என்றார் யோகநாதன். “இது அவற்ற இல்லை. அது கறுப்பு.”

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. பின்பக்கம் ஒரு ரயில் போயிற்று.

“எது கறுப்பு, சார்?” என்றார் சபாபதி மெதுவாக. “இந்தச் சபை பார்த்தது சிவப்பு. அதைக் கடலில் போட்டாச்சு. மறுபடி கட்டினதைப் பெத்த பொண்ணுகூடப் பார்த்ததில்லை. அவர் உடுப்பை உருவினவனுக்குத்தான் அது கறுப்புன்னு தெரியும்.”

யோகநாதன் எழ முயன்றார். கான்ஸ்டபிள் தோளை அழுத்தினான்.

“உடம்பு மட்டும் மாயமாகியிருந்தா, சாவி கயிறோட கைலிக்குள்ள கிடந்திருக்கணும். அது சட்டைப் பையில இருந்துச்சு. இது கடையில வாங்கினது, நிஜக் கயிறைக் காணோம். ஒரு நூல்கூடப் போகலைன்னீங்க. போயிருக்கு, சார். சாவி வளையத்துல ரெண்டு இழையை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கு. சரி, நாகையாவே ஓடிப்போனாருன்னு வச்சுக்குவோம். கண்ணாடி இல்லாம வாசல் தாண்ட மாட்டாரே. அப்ப யாரோ தூக்கிட்டுப் போயிருக்காங்க. கதவை இழுத்துவிட்டாப் போதும், தானே பூட்டிக்கும்.”

அவர் சந்திரகலாவைப் பார்க்காமல் தொடர்ந்தார். “கன்னையா செஞ்சிருந்தா கயிறை ஒளிக்க மாட்டான். அவனுக்கு அது தப்பே இல்லை. மார்க்கிரட்டால ஒரு ஆம்பளை உடம்பைத் தூக்க முடியாது. அந்தக் கயிறோட ஒருத்தன் வானத்துக்குப் போகக்கூடாதுன்னு நினைக்கிற ஆள், இந்த நாள் பொய்க்கக்கூடாதுன்னு தவிக்கிற ஆள் நீங்கதான். எதிர்பார்த்த நாள் விடியறதுக்குள்ள நாகையா உங்க படத்தைக் கழட்டிப் பீரோவுல பூட்டிட்டார். ஏன் சார்?”

யோகநாதன் தலைகுனிந்தார்.

“நாள் ஒருத்தருக்கும் தெரியாது, நாங்கள் சனத்தை ஏமாத்திப்போட்டம் எண்டு காலமை எழும்பிச் சொல்லப்போறன் எண்டார். நான் எவ்வளவு படிச்சனான்... ஒரு ஆள் எடுபட்டால் போதும். வாக்கு நிறைவேறினதாய் இருக்கும். அவர் முழங்காலில ஜெபிச்சுக்கொண்டிருந்தார். துவாய்த் துண்டு என்ர கையில இருந்தது.” பிறகு, ஏதோ அதுதான் பெரிய குற்றம் என்பதுபோல், “பரிசுத்தவான் எண்டு நினைச்சன். அவிழ்த்துப் பார்த்தால் அரையில கயிறு,” என்றார்.

“உடம்பு எங்க?”

“போர்ட் கிள்ளான். கண்டல் சேத்துக் காட்டுப் பக்கம். என்ர காரிலதான் கொண்டு போனனான்.”

சந்திரகலா நிமிர்ந்தாள். “அப்பா போகலையா?”

“போகலைம்மா.”

“என்னை விட்டுட்டுப் போகலையா?”

“இல்லை. கொன்னுட்டாங்க.” உலகத்தில் எந்தப் பிள்ளையிடமும் ஆறுதலாகச் சொல்லக்கூடாத வார்த்தையை அவர் ஆறுதலாகச் சொன்னார். தம்மேல் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் கதறினாள். அன்று முதல் முறையாக. மார்க்கிரட் குவளையை உதட்டில் வைத்தபோது, விக்கலுக்கும் அழுகைக்கும் நடுவில் பாதித் தண்ணீர் உள்ளே போயிற்று.

மறுநாள் கிள்ளான் பிணவறையில் சந்திரகலாவும் கன்னையாவும் அடையாளம் காட்டினார்கள். வெள்ளைத் துணிக்குக் கீழே, சேற்றில் ஊறிய கறுப்புக் கயிறு இடுப்பில் இருந்தது. சாவி தொங்கிய இடத்தில் அறுத்த நுனி. அதன் அருகே ஒரு சிறு வெள்ளித் தாயத்து. சவ அறை ஊழியர் கத்திரியோடு நின்றார். செத்தவரின் அரைஞாணை அறுத்துத்தானே அனுப்புவார்கள்.

கன்னையா குனிந்து தாயத்தைத் துடைத்தான்.

“இது மச்சானோடது இல்ல, பாப்பா. உன்னோடது. உன் தொப்புள்கொடியை உள்ள வச்சு எங்க அக்கா உன் அரையில கட்டினது. இந்தா, பல்லு முளைக்கிறப்ப நீ கடிச்ச தடம். அக்கா போனப்புறம் காணோம்னு நெனைச்சோம்.”

நாகையா தம் தாய் கட்டியதை எல்லாரும் பார்க்க அறுத்தார். மகளுடையதை யாரும் பார்க்காமல் கட்டிக்கொண்டார். வானம் திறந்திருந்தாலும் அதோடுதான் போயிருப்பார்.

சந்திரகலா அந்தப் பல் தடத்தை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு ஊழியரின் கத்திரியைத் தள்ளினாள்.

“அறுக்காதீங்க அண்ணே. அப்படியே புதைங்க.”

ஊழியர் சபாபதியைப் பார்த்தார். சபாபதி சரியென்று தலையசைத்தார்.