பால்கனி இல்லாத அறை

திரைச்சீலை பின்பக்கம் வெளுத்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் இருபத்தாறு வருடமாகத் தையல் கடை நடத்துகிறவள். கப்பல் அறைக்குள் பெட்டியை வைத்ததும், அவள் கை தானாகவே திரையின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தது. அறையைப் பார்த்த பக்கம் அடர்நீலம், இன்று காலை வெட்டிய துணிபோல. சுவரைப் பார்த்த பக்கம் சாயம் போய், பல வருடம் வெயிலில் காய்ந்தது போல நைந்திருந்தது. கீழ் மடிப்பில் உப்புப் பூத்திருந்தது. திரையை விலக்கினாள். பழுப்புப் பலகை பதித்த வெறும் சுவர். அதில் ஓர் ஆணித் துளைகூட இல்லை.

"அழகுக்கு மாட்டியிருக்கோம்மா," என்றார் அறைப் பணியாளர், துண்டுகளை அடுக்கியபடி. "ஜன்னல் இல்லாத ரூம்ல திரைன்னு ஒண்ணு தொங்குனா, பின்னாடி ஏதோ இருக்குன்னு மனசுக்கு ஒரு தெம்பு."

"ரொம்பப் பழசோ?"

"போன மாசம்தான் எல்லா ரூமுக்கும் புதுசு மாத்துனோம்."

படுக்கையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அவள் கணவர் சிரித்தார். "ஏன் டெய்லரம்மா, வந்த இடத்துலயும் தையல் பிரிச்சுப் பார்க்கணுமா?"

அவள் திரையை விட்டுவிட்டாள். இந்த அறையைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான், குறை சொல்ல வாய் வரவில்லை.

அவர் ஆசைப்பட்டது பால்கனி. டிக்கெட் அலுவலகத்துப் பெண் கணினித் திரையைத் திருப்பிக் காட்டியபோது, இரண்டு நாற்காலியும் ஒரு கம்பித் தடுப்பும் அதற்கப்பால் கடலுமாக இருந்த அந்தப் படத்தை அவர் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருடம் கட்டடங்களின் வயிற்றுக்குள், கிரீஸ் நாற்றத்தில், தலைக்கு மேலே ஒரு குண்டு பல்பை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவர். வேலை நேரத்தில் வானம் பார்த்ததில்லை. "கிணத்துத் தவளைக்குக் கடலைக் காட்டப் போறோம்னு நம்ம பொண்ணு கிண்டல் பண்றா," என்றார். "காட்டுறதுதான் காட்டுறீங்க, ஒழுங்காக் காட்டுங்களேன். எந்திரிச்சு கதவைத் திறந்தா கடல். ஏழே நாள்."

"தூங்கத்தானே ரூமு? கடலை மேல போய்ப் பார்த்துக்கலாம்," என்று சொல்லிவிட்டாள். "பால்கனி தண்டம்."

அது பொய். கஞ்சப் பிசினாறி என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை என்று சொன்ன பொய்.

அவருக்குத் தூக்கத்தில் நடக்கிற வழக்கம் உண்டு. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் கல்யாணமான இரண்டாம் வருடத்திலிருந்து தினமும் ஒரு நாடா. பாவாடை நாடாவை மூன்று புரியாக முறுக்கி அவளே செய்தது, எட்டடி நீளம். அவர் வலது மணிக்கட்டில் ஒரு முனை, அவள் இடது மணிக்கட்டில் மறுமுனை. அவருக்கு வலிக்கக் கூடாது என்று அவர் பக்கம் இறுகாத முடிச்சு. அவள் விழித்துக்கொள்ள வேண்டுமே, அதனால் அவள் பக்கம் இழுத்தால் இறுகும் முடிச்சு. அவர் எழுந்து நடந்தால் மெதுவாக இரண்டு முறை இழுப்பாள். கண் திறக்காமலே திரும்பி வந்து படுத்துக்கொள்வார். "முரட்டு மாடுன்னு நினைச்சுக் கட்டிப் போடுறா," என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிச் சிரிப்பார்.

போன மழைக்காலத்தில் நடந்தது மட்டும் அவருக்குத் தெரியாது. காய்ச்சல் அசதியில் ஒருநாள் அவள் நாடா கட்ட மறந்தாள். விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. மொட்டை மாடியில் இருந்தார். கைப்பிடிச் சுவரில் ஒரு கால் ஏறியிருந்தது. கண் மூடி, யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி முகத்தில் ஒரு சிரிப்பு. நாடா இல்லை, அவர் கையைப் பிடித்து இரண்டு முறை இழுத்தாள். வந்துவிட்டார். உயரத்தில் நின்று வேலை பார்க்கிற மனுஷன், சொன்னால் மறுநாளே கால் நடுங்கும் என்று சொல்லாமல் விட்டாள். பிறகு சொல்லவே முடியாமல் போயிற்று.

அதனால் பால்கனி இல்லை, ஜன்னல் இல்லை, கப்பலின் நட்டநடுவில் நாலு பக்கமும் சுவர் வைத்த அறை.

முதல் இரவு விளக்கை அணைத்ததும் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டாக இருந்தது. எங்கோ அடியில் எந்திரத்தின் முனகல், குளியலறைக் குழாயில் எப்போதாவது ஒரு சொட்டு, பக்கத்தில் அவருடைய சீரான குறட்டை. இவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே தூங்கிப்போனாள். மணிக்கட்டு இறுகியதில் விழிப்பு வந்தது. குறட்டை இல்லை. இருட்டில் ஈரக் காற்றின் வாசனை. அதோடு, எந்திர முனகலுக்குப் பதிலாக, தண்ணீர் தண்ணீரில் மோதி உடைகிற சத்தம், வெகு அருகில்.

நாடா திரையின் பக்கமாக விறைத்து நின்றது. அவள் இரண்டு முறை இழுத்தாள்.

வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. சக்கரத்தில் ஓடும் கதவு ஒன்று சர்ரென்று நகர்ந்து, மெத்தென்று மூடுகிற ஓசை. படுக்கை அமிழ்ந்தது. அவர் கை அவள் கையில் பட்டபோது சில்லிட்டு, பிசுபிசுவென்றிருந்தது. ஏசி குளிர் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு விடியும்வரை விழித்துக் கிடந்தாள்.

"என்ன தூக்கம்! என்ன தூக்கம்!" என்றார் காலையில், சோம்பல் முறித்தபடி. "காத்து சும்மா பிச்சுக்கிட்டு அடிச்சுது."

"எங்க?"

"கனவுலதான். நிஜத்துலதான் நீ குடுக்கலையே."

அவர் பல் தேய்க்கப் போனதும் அவள் பையிலிருந்து இஞ்சுடேப்பை எடுத்தாள். கத்திரிக்கோலைக் கப்பல் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள், "இறங்கும்போது வாங்கிக்கோங்கம்மா" என்று. டேப்பை விட்டுவிட்டார்கள். தன் தலையணையிலிருந்து திரைக்குப் பின்னாலுள்ள சுவர்வரை அளந்தாள். ஐந்தடி. மறுபடியும் அளந்தாள். ஐந்தடிதான். எட்டடி நாடா அங்கே விறைக்க வழியே இல்லை, மூன்றடி தொய்ந்து கிடக்க வேண்டும். திரைக்குக் கீழே தரைவிரிப்பு ஈரமாக இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

நேரே முன்மேசைக்குப் போய், வேறு அறை வேண்டும் என்று கேட்டாள்.

"கப்பல் ஃபுல்லும்மா," என்றாள் அங்கிருந்த பெண். கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். "உங்களுக்கு அதிர்ஷ்டம்தான் போங்க. ஒரே ஒரு ரூம் இருக்கு, புக் பண்ணவங்க வரலை. பால்கனி ரூம். காசு எதுவும் வேணாம். சாப்பாட்டு நேரத்துக்குள்ள சொல்லுங்க, இல்லைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவோம்."

சாவியை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள். வெளிச்சமான அறை. கண்ணாடிக் கதவின் தாழ்ப்பாளை ஒரு குழந்தைகூடத் திறந்துவிடும். வெளியே இரண்டு நாற்காலி, இடுப்பளவு கம்பி. எட்டிப் பார்த்தாள். பத்து மாடி ஆழத்தில் கப்பல் கடலைக் கிழித்துக்கொண்டு போனது. வெள்ளை நுரை சுழன்று சுழன்று பின்னால் ஓடியது. விழுந்தால் அலறல்கூட யாருக்கும் கேட்காது. மொட்டை மாடிச் சுவரில் ஏறிய அந்தக் கால் நினைவுக்கு வந்தது. கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

இங்கே கதவு நிஜம், கம்பி நிஜம், கடல் நிஜம். அங்கே என்ன சத்தம் கேட்டாலும், கடைசியில் இருப்பது சுவர். சுவரில் விழுந்து யாரும் செத்ததில்லை. அவள் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பும் வழியில் அவர் கேட்டார், அவள் முகத்தைப் பார்க்காமல். "காசே இல்லாம பால்கனி குடுத்தாங்களாமே? வேணாம்னுட்டியாம்? அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

"ஒரு காரணம் இருக்குங்க."

"இருக்கும், இருக்கும். நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்." கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. மனிதர் சாதாரணமாகச் சொன்னார். "கொஞ்ச நேரம் கண்ணை மூடுறேன். இங்க பார்க்க வேற என்ன இருக்கு?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. எழுந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். மழைக்காலம், மொட்டை மாடி, கால், எல்லாம். சொல்லிவிட்டு, அந்த அறை இன்னும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ராப்பகலாகக் கண்விழித்துக் காவல் இருந்தாலும் சரி, மனுஷன் கடலைப் பார்க்கட்டும். வெளிக் கதவில் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அட்டையைத் தொங்கவிட்டு, உள்பக்கம் தாழ் போட்டாள். தூங்குகிறவரின் மணிக்கட்டில் நாடாவைக் கட்டினாள். மறுமுனையைத் தன் கையில் கட்டினாள். விளக்கை அணைத்தாள்.

வெளியே பட்டப்பகல். மேல்தளத்தில் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் குதிக்கிற சத்தம் கூரை வழியாக மங்கலாகக் கேட்டது. உள்ளே நள்ளிரவு. தூங்கக் கூடாது என்று நினைத்தாள். போன இரவு முழுக்க விழித்த கண் கேட்கவில்லை.

மணிக்கட்டு வலித்தது.

குறட்டை இல்லை. பிள்ளைகள் சத்தமும் இல்லை. காற்று. முகத்தில் அடிக்கிற உப்புக் காற்று. திரை படபடவென்று அடித்துக்கொண்டது. அதன் ஓரங்களில் ஒரு கணம் வெளிச்சம், கண் கூசும் பகல் வெளிச்சம். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். துணியில் ஒரு நிழல். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஓர் ஆளின் நிழல். அந்தத் தோளை அவளுக்குத் தெரியும். அவளே அளவெடுத்துச் சட்டை தைக்கிற தோள்.

"என்னங்க!"

நிழல் திரும்பவில்லை. ஒரு கால் மேலே ஏறியது.

இரண்டு முறை இழுத்தாள்.

சர்ரென்ற ஓசை. மெத்தென்று மூடியது. காற்று நின்றது. வெளிச்சம் அணைந்தது. எந்திரம் மறுபடி முனகியது.

படுக்கை அமிழவில்லை.

தடவித் தடவி விளக்கைப் போட்டாள். பக்கத்தில் கசங்கிய போர்வை. குளியலறைக் கதவு திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை. வெளிக் கதவில் அவள் போட்ட தாழ் போட்டபடி. நாடா மட்டும் அவள் கையிலிருந்து நேராக, தொய்வில்லாமல், திரைக்குள் போயிற்று.

திரையை விலக்கினாள்.

சுவர். பழுப்புப் பலகை. நாடா அதற்குள் போயிருந்தது. துளை இல்லை. விரிசல் இல்லை. துணியோடு சேர்த்துத் தைத்த நூல் மாதிரி, பலகையோடு பலகையாக. அந்த இடத்தை நகத்தால் கீறினாள். பலகையில் தட்டினாள், குத்தினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாத பெயர்.

அவிழ்த்துவிட்டு ஓடலாம், ஆட்களைக் கூட்டி வரலாம். ஆனால் இழுத்தால் இறுகும் முடிச்சு. அவளே போட்டது. சதைக்குள் புதைந்துவிட்டது. கத்திரிக்கோல் முன்மேசையில். தொலைபேசி படுக்கைக்கு அந்தப் பக்கம். நாடா விட்ட தூரம்வரை கையை நீட்டினாள். ஒரு சாண் எட்டவில்லை. பல்லை நாடாவில் வைத்தாள். கடித்து அறுத்தால்? அறுத்தால் அந்தப் பக்கம் அவர் என்ன ஆவார்? அவர் கையில் இருப்பது இது ஒன்றுதான். பல்லை எடுத்துவிட்டாள்.

கதவில் தட்டும் சத்தம். "துண்டு மாத்தணுமாம்மா?"

"ஐயா! கதவை உடைங்க! ஐயா!"

"ஓ, அட்டை மாட்டியிருக்கீங்களா... அப்புறமா வரேன்மா." தள்ளுவண்டியின் சக்கரம் நடைபாதை நெடுகத் தேய்ந்து மறைந்தது. அவள் கத்தியது அவருக்குக் கேட்கவே இல்லை.

நாடாவைப் பார்த்தாள். சுவரிலிருந்து ஈரம் ஏறி வந்துகொண்டிருந்தது, நூல் நூலாக, அவள் கையை நோக்கி. சுவருக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே எவ்வளவு என்று கண் தானாக அளந்தது. மூன்றடி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டே முக்கால். காலை ஊன்றினாள். ஈரத் தரைவிரிப்பில் பாதம் வழுக்கியது. இரண்டடி.

ஒன்றரை.

அழுதுகொண்டே, வேறு வழி தெரியாமல், எப்போதும் செய்வதைச் செய்தாள். மெதுவாக இரண்டு முறை இழுத்தாள். வந்துடுங்க.

நாடா அசையாமல் நின்றது.

பிறகு சுவருக்குள்ளிருந்து, மெதுவாக, தூங்குகிறவளை எழுப்பாமல் கூப்பிடுகிற பக்குவத்தோடு, இரண்டு முறை இழுத்தது.

அவள் உள்ளங்கை சுவரில் படிந்தது. பலகை வெயிலில் காய்ந்த சூட்டோடு இருந்தது. மறுபடியும் இரண்டு முறை.